உயிரின் உருவும் கலையின் கடனும்

உயிர்களின் இயற்கை வடிவத்தினின்று இசைக்கருவியும் சிற்பமும் ஆக்கிக்கொள்ளுதல் மக்கட்குத் தொன்றுதொட்ட வழக்காம். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் எனச் சிலப்பதிகார உரை கூறும் நால்வகை யாழினுள் மகரயாழ் ஒரு நீர்வாழ் உயிரின் பெயர் பூண்டது. விபுலாநந்த அடிகள் 1947-ஆம் ஆண்டு வெளிப்போந்த யாழ் நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்தனர். யாழின் தந்திக்கு நரம்பு என்றே பெயர். பத்தரைப் போர்த்தது தோல். மகரத்தைச் சுறாமீன் என்பர் நிகண்டுடையார். திருக்கோயிற் சிற்பியரோ மகரதோரணத்தில் முதலையின் வாயும் யானையின் துதிக்கையும் கூட்டி அமைப்பர்.

இங்ஙனம் பிறவுயிரின் உருவை எடுத்தாள்வார்க்கு அவ்வுயிர்பால் கடன் யாதேனும் உண்டோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

உடல் மாயையின் காரியம், சடம், அதனை யார் கொண்டால் என்னை எனின், அற்றன்று. குடத்திற்கு மண்ணும் திரிகையும் குயவனும் போல, உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்தம். ஓருயிர் தன் வினைப்பயனை நுகர்ந்து மலம் நீங்குதற்பொருட்டு இறைவன் தந்தருளியதே அதன் உடல். ஆகவே எவ்வுடலும் உடையவரின்றிக் கிடக்கும் பொருளன்று.

அஃதேல், உருவைப் பார்த்து அமைத்தலும் குற்றமோ எனின், ஆகாது. அதனால் அவ்வுயிர் இழப்பது ஒன்றுமில்லை. தானே இறந்ததன் தோலைக் கொள்ளுதலும் கொலையன்று. தோலின்பொருட்டே கொல்லுதலோ, அத்தோல் திருமுன்னர் முழங்கும் முழவிற்கு ஆயினும், கொலையே. வழிபாடு என்னும் பெயர் அதனை மாற்றமாட்டாது. மடங்களும் கோயில்களும் தாம் கொள்ளும் தோற்கருவி எவ்வாறு வந்ததென வினவுதல் வேண்டும்.

இக்காலத்துச் செடியின் இலையிற் கம்பி பொருத்தி, அதன்கண் நிகழும் நுண்ணிய மின்மாற்றங்களைப் பொறியால் ஒலியாக்கி, செடி பாடுகின்றது என்பாரும் உளர். செடி ஓரறிவுயிர், சடமன்று. ஆயினும் மின்மாற்றத்திற்கு இன்ன சுரம் என வகுத்தவன் மனிதனே. தன் செயலைச் செடியின் செயலாகக் கூறுதல் மெய்யன்று. செடியினிடத்து உயிருண்மை தெளிதற்கு அது பாடவேண்டுவதும் இல்லை.

இனி, உருவை எடுத்தாண்டார்க்குரிய கடனைக் கூறுதும். திருப்புக்கொளியூர் அவிநாசியிற் சுந்தரமூர்த்தி சுவாமிகள் முதலை விழுங்கிய பிள்ளையை மீட்டருளிய வரலாறு யாவரும் அறிவர். சுவாமிகள் முதலையைக் கொல்லுமாறு வேண்டினாரல்லர். கொண்ட பிள்ளையைத் தருமாறே வேண்டினார். முதலையும் கொண்டதைத் தந்தது. நாமோ அதன் உருவைத் தோரணத்திற் கொண்டோம், தந்தது யாது? தோல் வாணிகத்தின்பொருட்டு நம் நாட்டில் முதலைகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அக்கொலையை விலக்கிற்று. அவிநாசி அடங்கிய திருப்பூர் மாவட்டத்திலேயே, அமராவதி நகரை அடுத்த அணைக்கட்டின் அருகே 1976-ல் முதலைப் பண்ணை ஒன்று அமைந்தது. நீர்த்தேக்கக் கரையிற் கிடைக்கும் முட்டைகளைப் பொரிப்பித்துக் குஞ்சுகளை வளர்க்கும் முறை ஆங்கு மேற்கொள்ளப்பட்டது. கொண்டதற்கு ஈடாக ஒரு சிறிது திருப்பித் தந்தவாறு இது என்க.

தோரணத்து மகரத்தை வணங்கி நிற்போர் நீரில் வாழும் முதலையைக் காணும்பொழுதும், இதுவும் நம்மைப் போல் மலத்தாற் கட்டுண்டு திருவருளை நோக்கி நிற்கும் ஓருயிரே என இரங்குவராயின், அக்கலை பயனுடைத்து. அவ்விரக்கத்தை விளைக்காத சிற்பமும் இசையும் கண்ணுக்கும் செவிக்கும் விருந்தாகலாம், சிவபுண்ணியம் ஆகா.