கூலியும் தொண்டும்: கண்ணாடி துடைக்கும் தொழிலின் அறம்

கூலிக்குச் செய்யப்படும் வேலை வயிற்றுப்பிழைப்பு மட்டுமா, அதுவும் வழிபாட்டோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்க செயலாக முடியுமா என்னும் கேள்வி மெய்யியல் நூல்களுக்குள் அடங்கிவிடுவதன்று. தருமபுரியிலும் அரூர், பாலக்கோடு, பென்னாகரம் போன்ற ஊர்களிலும் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் மருத்துவமனைகளும் கண்ணாடி முகப்போடு எழும்பிவரும் இக்காலத்தில், அந்தக் கண்ணாடிகளைத் துடைத்துத் தருவதையே தொழிலாக நடத்த முற்படும் ஒருவருக்கும் அது நேரே எழும் கேள்வியாகும். துப்புரவை இறைபணியின் முதற்படியாகச் சைவம் உயர்த்தி வைத்தது. அதே துப்புரவை இழிதொழில் என்று சமூகம் ஒதுக்கித் தள்ளியது. இவ்விரண்டு மதிப்பீடுகளும் ஒரே மண்ணில் பல நூற்றாண்டுகள் எவ்வாறு அருகருகே நிலைத்தன என்பதை ஆராய்ந்தால்தான், இன்று இத்தொழிலை நடத்துவோர் எதைப் பேண வேண்டும் என்பதும் விளங்கும்.

சைவ சித்தாந்தம் வீடுபேற்றுக்குச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகளை வகுக்கிறது. இவற்றுள் சரியை என்பது உடலால் செய்யும் புறத்தொண்டு. அடிமை தன் ஆண்டானுக்குச் செய்யும் பணியைப் போன்றதாகையால் அதற்குத் தாச மார்க்கம் என்றும் பெயருண்டு. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் சரியைக்குரிய செயல்களை அடுக்கும்போது, கோயிலில் அலகிடுதலும், அதாவது பெருக்குதலும், தரையை மெழுகுதலும் முன்னே வந்து நிற்கின்றன. பூத்தொடுத்தலும் விளக்கிடுதலும் நந்தவனம் அமைத்தலும் அவற்றோடு சேர்ந்தவை. இங்கே கருதத்தக்கது, நூல் பேசுவது உள்ளத்து அழுக்கைப் பற்றிய உருவகம் அன்று என்பதே. உண்மையான தரை, உண்மையான தூசி, உண்மையான துடைப்பம் ஆகியவற்றையே அது பேசுகிறது. சன்னல் கண்ணாடியை ஆன்மாவுக்கும் அதன்மேல் படிந்த தூசியை மலத்துக்கும் உவமையாக்கி அழகாக எழுதிவிடலாம். ஆயினும் அவ்வாறு உருவகமாக்கும் பொழுதே துடைப்பவரின் கை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. சரியையின் சிறப்பு அந்தக் கையை மறைக்காமல் விட்டதில்தான் இருக்கிறது.

7ஆம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் புல் செதுக்கும் உழவாரப்படையைத் தோளில் தாங்கிய கோலத்தில்தான் கோயில்களில் வழிபடப்படுகிறார். அவருடைய தமக்கையார் திலகவதியார் திருவதிகைக் கோயிலில் பொழுது புலர்வதற்கு முன்பே அலகிட்டு மெழுகியதைச் சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்கிறது. சமணத்திலிருந்து மீண்ட தம்பிக்குச் சைவத்தின் வாயிலைத் திறந்தவர், துடைப்பம் ஏந்திய இந்தப் பெண்ணே. திருப்புகலூரில் நாவுக்கரசர் உழவாரப்பணி செய்த இடத்தில் பொன்னும் மணியும் தோன்ற, அவர் அவற்றைப் பருக்கைக் கற்களிலிருந்து வேறுபடுத்திப் பாராமல் சேர்த்து அள்ளிக் குளத்தில் எறிந்தார் என்பதும் அப்புராணம் தரும் செய்தி.

இவற்றை மட்டும் பார்ப்பவர், கூலி வாங்காமல் செய்வதே தொண்டு, கூலி வாங்கினால் அது தொழில் என்று எளிதாக வரையறுத்துவிடுவார். கல்வெட்டுகள் அந்த வரையறைக்கு இடங்கொடுப்பதில்லை. கோயில் தரையை மெழுகும் பணி தடையின்றி நடப்பதற்காக ஒதுக்கப்பட்ட நிலம் திருமெழுக்குப்புறம் என்று அவற்றில் வழங்குகிறது. அந்நிலத்தின் விளைச்சல் மெழுகுவோரின் பிழைப்புக்கு ஆதாரமாயிற்று. ஆகவே தெய்வத்தின் முன்றிலைத் தூய்மை செய்தவருக்கும் சோறு வேண்டும் என்பதை மரபு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதோடு நில்லாமல், மழை பொய்த்தாலும் அரசு மாறினாலும் கல்லில் நிற்கும்படி அதை எழுதியும் வைத்தது. கூலி தொண்டைக் கெடுக்கும் என்ற எண்ணம் பிற்காலத்தாரின் வசதிக்குப் பிறந்த எண்ணமாகவே தோன்றுகிறது. புண்ணியம் என்று சொல்லிக் கூலியைக் குறைக்க அது உதவும்.

தருமபுரி வட்டாரத்துக்கு இன்னொரு விடையும் அண்மையிலேயே கிடைக்கிறது. பண்டைய தகடூராகிய இப்பகுதி கன்னட நாட்டின் எல்லையை ஒட்டியது. நுளம்பர் ஆட்சியின் சுவடுகளைத் தாங்கியது. கன்னடம் பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்வது. 12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவண்ணரைச் சூழ்ந்து எழுந்த வீரசைவ இயக்கம், காயகம் என்னும் கொள்கையை முன்வைத்தது. ஒருவர் தம் உடலுழைப்பால் நேர்மையாக ஈட்டும் பிழைப்பே வழிபாடு என்பதும், ஈட்டியதில் தம் தேவைக்கு மிஞ்சியதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் அதன் சாரம். பகிர்தலாகிய இப்பகுதி தாசோகம் எனப்படும். சரியை கோயிலுக்குள் நிகழ்வது; காயகமோ தெருவிலும் கடையிலும் களத்திலும் நிகழ்வது. அவ்வியக்கத்தின் பெண் அடியாருள் ஒருவரான சத்யக்கா, முற்றம் பெருக்குவதைக் காயகமாகக் கொண்டவர் என்று அறியப்படுபவர். வழியில் கிடக்கும் பொன்னையோ துணியையோ தம் கை தீண்டாது என்று உறுதி சொன்னவர். சிந்திய அரிசியைப் பொறுக்கிப் பிழைத்த ஆய்தக்கி மாரய்யா ஒருநாள் வழக்கத்தைவிட மிகுதியாகக் கொண்டுவந்தபோது, மிகையைத் திரும்பக் கொட்டிவருமாறு அவருடைய மனைவி லக்கம்மா பணித்தார் என்பதும் அம்மரபு போற்றும் வரலாறு.

புகலூரில் மணிகளைக் குளத்தில் எறிந்த நாவுக்கரசரும், வழியில் கிடக்கும் பொன்னைத் தீண்டாத சத்யக்காவும் ஐந்து நூற்றாண்டு இடைவெளியில், வேறு மொழியில், வேறு நிலத்தில் வாழ்ந்தவர்கள். இருவரும் துப்புரவு செய்தவர்கள். இருவருக்கும் நேர்ந்த சோதனை பொன்னைப் பற்றியதே. பிறர் இடத்தைத் தூய்மை செய்பவர் பிறர் பொருளின் நடுவே தனித்து விடப்படுகிறார் என்பதை இரு மரபுகளும் கூர்ந்து கண்டிருந்தன. இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடும் பொருட்படுத்தத்தக்கது: சத்யக்கா உழைப்பின் பயனை மறுக்கவில்லை, உழைக்காமல் வருவதையே மறுத்தார். தொழில் நடத்துபவருக்கு அவருடைய நிலையே மிக நெருக்கமானது.

இவ்வளவு உயர்ந்த கருத்துகள் இருந்தும் துப்புரவாளர் இழிவாக நடத்தப்பட்டது ஏன் என்பதற்கு விடை, தேர்வில் இருக்கிறது. வேளாளர் குடியில் பிறந்த நாவுக்கரசர் உழவாரத்தைத் தாமே விரும்பி எடுத்தார். அதனால் அது அணிகலன் ஆயிற்று. பிறப்பின் பெயரால் துடைப்பம் திணிக்கப்பட்ட மக்களுக்கோ அது விலங்காயிற்று. கோயிலுக்குள் அவர்கள் கால்வைக்கத் தடையும் இருந்தது. துப்புரவு புனிதமானது என்று துப்புரவாளரிடம் மட்டும் உபதேசிப்பது இதனால்தான் கொடுமையாகிறது. அப்பணியைப் புனிதம் என்று கருதுவோர் அதன் கூலியையும் பாதுகாப்பையும் உயர்த்திக் காட்டினால் ஒழிய அவர்களுடைய சொல்லுக்கு மதிப்பில்லை.

அவ்வாறாயின், தருமபுரியில் கண்ணாடித் துப்புரவுத் தொழிலை நடத்துபவர் கடைப்பிடிக்க வேண்டிய அறம் எங்கே தொடங்குகிறது? தண்ணீரில் தொடங்குகிறது. இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டதும், அதற்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததும் அனைவரும் அறிந்தவை. கண்ணாடிக்குப் பகையாவது ஃபுளோரைடு அன்று. போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, மெக்னீசிய உப்புகளே. அத்தண்ணீர் கண்ணாடிமேல் உலரும்போது உப்பு மட்டும் வெள்ளைத் திட்டாகத் தங்கும். பல மாதம் விட்டுவிட்டால் சோப்புக்கும் துணிக்கும் அது அசையாது. ஆகவே முதற்கழுவலுக்குப் போர்த் தண்ணீரைப் பயன்படுத்தினாலும், இறுதிக் கழுவலுக்கு ஆர்.ஓ. தண்ணீரைக் கொண்டுசெல்வதே முறை. கறை முன்பே படிந்திருந்தால் வினிகர், சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான அமிலங்களைக் கொண்டு பொறுமையாக ஊறவைத்து அகற்றலாம். கழிவறைக்குரிய ஆசிட்டைக் கண்ணாடியில் ஊற்றுவது விரைவில் பலன் தருவதாகத் தோன்றினும் அலுமினியச் சட்டத்தை அரிக்கும். சூரிய ஒளியைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியாக இருந்தால் பூச்சையும் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அதன் புகை பணியாளரின் நுரையீரலுக்குள் செல்லும்.

செய்முறையிலும் அறத்துக்கு இடமுண்டு. உலர்ந்த தூசியின்மேல் துணியை அழுத்தித் தேய்த்தால் மணல் துகள் கண்ணாடியில் கீறல் விடும். கிரானைட் அறுவைத் தூளும் நெடுஞ்சாலைப் புழுதியும் பறந்து படியும் இடங்களில் இது மிகுதி. எனவே முதலில் நிறைய நீர்விட்டுத் தூசியை வழிந்தோடச் செய்ய வேண்டும். பிறகு சோப்பு நீர் தடவி, மேல்மூலையிலிருந்து வைப்பரை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் அதன் ரப்பர் விளிம்பைத் துடைத்து, அடுத்த இழுப்பு முந்தையதன்மேல் சிறிது ஏறி வருமாறு கீழே இறங்க வேண்டும். வெயில் ஏறுமுன் செய்வது நலம். சூடான கண்ணாடியில் சோப்பு நீர் இழுப்பதற்குள் உலர்ந்து கோடாகிவிடும். இறுதியில் எஞ்சுவது கீழ்ச்சட்டத்தின் பள்ளம். அங்கே தேங்கிய நீரைப் பணி முடிந்த வேளையில் எவரும் பார்ப்பதில்லை. கண்ணாடி பளபளக்கிறது, பணம் கைக்கு வருகிறது. நண்பகலுக்குள் அந்த நீர் உலர்ந்து ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது. பார்ப்பவர் இல்லாத அப்பள்ளத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதா, விடுவதா என்ற இடத்தில்தான் வேலை தொண்டாகிறதா இல்லையா என்பது முடிவாகிறது. திலகவதியார் பெருக்கியது ஊர் எழுவதற்கு முன்பு என்பது நினைவுகூரத்தக்கது.

விலை பேசுதலைப் பற்றித் திருக்குறளின் அமைப்பே ஒரு குறிப்புத் தருகிறது. வணிகரின் நெறியைக் கூறும் குறளை வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். பிறர் பொருளையும் தம்முடையதாகவே கருதிப் பேணுவது வணிகம் என்பது அதன் கருத்து. சதுர அடிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக்கொடுப்பதும், முன்பே இருந்த கீறல்களைப் பணி தொடங்குமுன் உரிமையாளரிடம் காட்டிப் படமெடுத்து வைப்பதும், நீங்காத கறையை நீங்காது என்று சொல்லிவிடுவதும் இந்த நடுவுநிலைமையின் நடைமுறை வடிவங்கள். தருமபுரி போன்ற சிறு நகரத்தில் வாடிக்கை விளம்பரத்தால் வருவதைவிட வாய்ச்சொல்லால் வருவதே மிகுதியாகையால், இவை தொழிலுக்கும் நன்மையே தரும். எனினும் நன்மை தருவதால் மட்டும் இவற்றைப் பேணுபவர், நன்மை தராத நாளில் கைவிட்டுவிடுவார். காயகக் கொள்கை அதனால்தான் இவற்றை வழிபாட்டோடு பிணைத்தது.

எல்லாவற்றிலும் கனமானது உயரத்தைப் பற்றிய கடமை. ஏணியைச் சார்த்தும்போது உயரம் நான்கு பங்கானால் அடி ஒரு பங்கு விலகியிருக்க வேண்டும். கயிற்றில் தொங்கிச் செய்யும் வேலையில், உடலைத் தாங்கும் கயிறு ஒன்றும், அது அறுந்தால் பிடித்துக்கொள்ளும் காப்புக் கயிறு ஒன்றுமாக இரண்டு தேவை. அவ்விரண்டும் தனித்தனிப் பிடிமானங்களில் கட்டப்பட வேண்டும். தண்ணீர்க் குழாயும் மெல்லிய கைப்பிடிச் சுவரும் பிடிமானம் ஆகா. கயிறு சுவரின் கூர்விளிம்பில் உராயும் இடத்தில் தடித்த உறை வேண்டும். முழுவுடல் சேஃப்டி பெல்ட்டும் தலைக்கவசமும் இன்றி எவரையும் ஏற்றலாகாது. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் தரும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் ஒவ்வொரு பணியாளரையும் சேர்ப்பது மிகக் குறைந்த கடமை. ஒரு குடும்பத்தின் இழப்புக்கு அது ஈடாகாது என்பதால், முதலாளி அதோடு நிறுத்திக்கொள்வது முறையாகாது. இந்தச் செலவுகளை விட்டுவிட்டுக் குறைந்த கொட்டேஷன் கொடுப்பவர் தம் பணத்தில் தள்ளுபடி தருவதில்லை. பிறருடைய உயிரிலிருந்து எடுத்துத் தருகிறார். சிந்திய அரிசியில்கூட உரிமையற்ற மிகையை வீட்டில் வைக்க மறுத்த லக்கம்மாவின் அளவுகோலால் பார்த்தால், அவ்வழியில் ஈட்டிய இலாபம் திரும்பக் கொட்டப்பட வேண்டியது.

கூலி வாங்குவதால் துப்புரவு தன் மேன்மையை இழப்பதில்லை என்பதே திருமெழுக்குப்புறமும் காயகமும் சேர்ந்து தரும் தீர்ப்பு. அரைகுறையாக விடுவதாலும், பொய்யாக விலை பேசுவதாலும், ஏறுபவரின் உயிரைப் பொருட்படுத்தாமையாலும் அது மேன்மை இழக்கிறது. இதில் தொழில் நடத்துபவருக்கு மட்டுமல்ல, தொழில் கொடுப்பவருக்கும் பங்குண்டு. ஆகவே கட்டட உரிமையாளர்களும் கடைக்காரர்களும், சதுர அடிக்கு ஒரு ரூபாய் குறைக்க முடியுமா என்று கேட்பதற்கு முன், இரண்டாவது கயிறு எங்கே கட்டப்படும் என்று கேட்க வேண்டும். அதற்குரிய செலவைத் தாமே முன்வந்து தரவும் வேண்டும்.