தாவாக்னியும் தளிரும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



மாசி பிறந்தால் தர்மபுரி மாவட்டத்து மலைக்காடுகள் இலையுதிர்ந்து, புல் காய்ந்து, ஒரு பொறிக்குக் காத்திருப்பன போல் நிற்கும். சித்தேரி மலைச் சரிவிலும், அரூர், மொரப்பூர்ப் பக்கத்து வனங்களின் ஓரத்திலும் காடும் கழனியும் அடுத்தடுத்தே உள்ளன. ஆகவே கம்பைநல்லூரைச் சுற்றி வாழும் நமக்குக் காட்டுத்தீ ஏட்டில் மட்டும் படித்தறியும் செய்தியன்று. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட தீ, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை நாடே அறியும்.

உயிர் பிழைத்தும் வீடும் விளைநிலமும் வெந்துபோன ஒருவனுக்கு இரண்டு ஐயங்கள் எழும். ‘எம்பெருமான் என்னைக் கைவிட்டானோ?’ என்பது ஒன்று. ‘அவனே கதி என்று சரணம் புகுந்தவன் மண்வெட்டியைக் கையிலெடுத்து மறுபடி உழைப்பது, அச்சரணாகதிக்குக் குறையாகாதோ?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தமே விடை தருகிறது.

கோடைக்காலம். பசுக்கள் புல்லாசையால் வழி தவறி முஞ்சைப் புற்காட்டினுள் புகுந்தன. குளம்படியைத் தொடர்ந்து சென்ற ஆயர் சிறுவர்கள் அவற்றைக் கண்டு திருப்பும் வேளையில் காட்டுத்தீ நாற்புறமும் சூழ்ந்தது. ‘கண்ணா! நீயே புகல்’ என்று அலறினார்கள். ‘அஞ்ச வேண்டா, கண்களை மூடிக்கொள்ளுங்கள்’ என்றருளிய பெருமான், அத்தீயைத் திருவாயால் பருகினான். கண் திறந்தபோது அவர்கள் பாண்டீரமென்னும் ஆலமரத்தடியில் இருந்தார்கள். இது 19ஆம் அத்தியாயம்.

அடுத்த அத்தியாயத்தில் ஸ்ரீசுகர் எதை வர்ணிக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தை வர்ணிக்கிறார்! வறண்டு மெலிந்த நிலம் செழிப்பதையும், விளைந்த வயல்கள் உழவருக்கு உவகை தருவதையும் கூறுகிறார். தீயைப் பருகியவன் அவன். மழையைப் பெய்விப்பவனும் அவனே. எனினும் வயல் தானே உழுதுகொள்ளவில்லை. அங்கே உழவரும் இருந்தனர்.

ஆபத்தில் கண்மூடி நின்றது பிரபத்தி. கண் திறந்தபின் கைகள் செய்யும் தொண்டு கைங்கர்யம். காக்கும் உபாயம் அவன் ஒருவனே என்பது நம் பூர்வாசார்யர்களின் திருவுள்ளம். ‘என் உழைப்பே என்னைக் காத்தது’ என்னும் எண்ணமே சரணாகதிக்கு விரோதி, உழைப்பு விரோதியன்று. அவன் மீட்டுத் தந்த உயிரைக் கொண்டு அவனுடைய மண்ணைப் பேணுவது சேஷபூதனுக்கு ஸ்வரூபமேயாகும்.

அப்பேணுதலுக்கும் முறையுண்டு. தீப்பட்ட சரிவில் புல்வேரின் பிடிப்புக் குறைந்திருக்கும். முதல் மழையே சாம்பலையும் மேல்மண்ணையும் அடித்துச் சென்றுவிடும். ஆதலால் சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு அடுக்குவது முதற்பணி. கருகிய மாவையும் புளியையும் உடனே வெட்டிச் சாய்த்தல் ஆகாது. மழை கண்டபின் எக்கிளை துளிர்க்கிறதென்று பார்த்து, பட்டதை மட்டும் நீக்க வேண்டும். துளிர் தழைக்கும்வரை ஆடுமாடுகளை விலக்கிக் காக்க வேண்டும். கூரை எரிந்தாலும் மண்சுவர் நிற்குமாயின், அதன் உறுதியைச் சோதித்தே மேலே கட்ட வேண்டும். இவையெல்லாம் பொறுமையை வேண்டும் பணிகள்.

பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளில் லஹைனா என்றோர் ஊர். 2023 ஆகஸ்டு 8ஆம் நாள் பரவிய தீயில் அவ்வூர் பெரும்பாலும் அழிந்தது. சுமார் 100 பேர் மாண்டனர். பாரத நாட்டிலிருந்து கொண்டுபோய் 1873இல் அங்கு நட்ட ஆலமரமும் கருகிற்று. தன்னார்வலர் சிலர் அம்மரத்தின் வேருக்கு நீர் வார்த்தனர். இறுகிய மண்ணைத் தளர்த்தி மக்கிய உரமிட்டனர். சில வாரங்களில் பச்சைத் தளிர் தோன்றிற்று. சில பகுதிகள் மீளவில்லை, மரம் மீண்டது. ஆலிலையில் துயின்ற பெருமானைத் தொழும் நமக்கு இச்செய்தி நெஞ்சை நெகிழ்விப்பதன்றோ!

இறுதியாக ஒன்று. தீயால் வீடிழந்தவனைப் பார்த்து ‘அவன் வினை’ என்று சொல்லி விலகுவோர் உளர். யமுனைக் கரையில் நள்ளிரவில் முதல்முறை தீ சூழ்ந்தபோது, ஆயர்பாடி முழுவதும் ஒரே குரலாகக் கண்ணனை அழைத்ததாகப் பாகவதம் கூறுகிறது. எவரும் எவருடைய வினையையும் எண்ணிப் பார்க்கவில்லை. இழந்தவன் வாசலுக்கு ஒரு கட்டுக் கீற்றோடும், ஒரு படி விதைக் கேழ்வரகோடும், ஒரு நாள் உழைப்போடும் செல்வதே பாகவத கைங்கர்யம். நம்நாட்டுக் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் கையாலேயே மூளுகிறது; ஆகவே அணையாத பீடித் துண்டைச் சருகில் எறியாதிருப்பதும் அக்கைங்கர்யத்தில் ஒரு பகுதியே.

திருவிழாவில் எம்பெருமானைச் சேவிக்கக் குவியும் கரங்கள், திருவிழா முடிந்தபின் கல்வரப்பு அடுக்கவும் கூரை வேயவும் நீளட்டும். அவற்றை அவன் தன் திருவடித் தொண்டாகவே ஏற்றருள்வான்.

அடியேன் ராமாநுஜ தாஸன்.