எவை நம் உடைமை?

விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வாங்கியவனே முழு உரிமையாளன் என்பது உலக வழக்கு. சட்டமும் அவ்வாறே கூறும். ஆயின் அறத்தின் முன் இவ்வழக்கு முழுமையாக நிற்குமா என்னும் ஐயம், அண்மையில் நம் இல்லத்துப் பரணைத் துப்புரவு செய்தபோது நம்முள் எழுந்தது. தலைநகர் தில்லியில் இரண்டு தலைமுறையாகக் கோப்புகளோடு வாழும் குடும்பம் நம்முடையது. ஆகவே இவ்வினாவையும் ஒரு கோப்பினைப் போலவே இரு தரப்பும் நோக்கி ஆராய முற்படுகிறோம்.

முதற்கண் காரை எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வரும்வரை, சொந்தக் கார் என்பது நடுத்தர ஊழியர்க்கு எட்டாக் கனியாகவே இருந்தது. 796 சி.சி. இயந்திரமும் மேல்நோக்கித் திறக்கும் பின்கதவும் கொண்ட அச்சிறு வண்டி, ஹாட்ச்பேக் என்னும் வடிவை நம் நாட்டில் வேரூன்றச் செய்தது. நீண்ட உடலுடைய வேகன் வகைக்கு அத்தகைய வரவேற்பு வாய்க்கவில்லை. 1992இல் வெளிவந்த டாடா எஸ்டேட், வசதி படைத்தோர் சிலரோடு நின்றுவிட்டது. 1999இல் வந்த வேகன்-ஆர், பெயரளவில் வேகனாயினும் அமைப்பில் உயரமான ஹாட்ச்பேக்கே.

நம் தந்தையார் 1993இல் ஒரு மாருதி 800 வாங்கினார். பல ஆண்டுகளுக்குப் பின், முழங்கால் வலியுற்ற தாயார் குனியாமல் ஏறி அமர்வதற்காக நாம் வேகன்-ஆர் வாங்கினோம். அதன்பின் மாருதி பெரும்பாலும் வாசலிலேயே நின்றது. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகரில் ஓடலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் ஆணையிட்டது. 2018இல் உச்சநீதிமன்றமும் அதனை வலியுறுத்தவே, அவ்வாண்டில் மாருதியை உடைப்பவரிடம் ஒப்படைத்தோம். மறைந்த தந்தையாரின் கை பட்ட வண்டியாயிற்றே என மனம் கலங்கியது உண்மை. எனினும் காரின் பெருமை அதன் பயனில் உள்ளது. பயன் தீர்ந்து, அதன் புகை அயலான் குழந்தையின் மூச்சையும் கெடுக்குமாயின், அதனைப் பற்றி நிற்பது பாசமாகலாம், அறமாகாது. வள்ளுவர் 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரமே வகுத்தாரன்றோ!

நிழற்படத்தின் நிலை வேறு. பரணில் கிடைத்த பிஸ்கட் டின்னில் தந்தையாரின் நெகடிவ்கள் இருந்தன. ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில், உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' சுருள் கொண்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் சில. பிற்கால வண்ணப் படங்கள் பல. கறுப்பு வெள்ளையில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது; முறையாகக் கழுவியிருப்பின் நெடுநாள் நிற்கும். வண்ணப் படத்தில் சாயமே உருவம். அது ஆண்டுதோறும் வெளிறும். ஆதலின் காலம் தாழ்த்தாமல், மூடியிலும் விளக்குடைய ஸ்கேனர் ஒன்றை வாங்கி, ஞாயிறுதோறும் அவற்றைக் கணினியில் ஏற்றத் தொடங்கினோம். 35 மி.மீ. நெகடிவின் ஒரு கட்டம் 36க்கு 24 மி.மீ. அளவினது. அங்குலத்திற்கு 2400 புள்ளி வீதம் பதிந்தால் ஏறத்தாழ 77 லட்சம் புள்ளிகள் கிட்டும். தூசியை ஊதி நீக்குவதிலேயே பாதிப் பொழுது கழிந்துவிடும்.

அவ்வாறு ஒரு நாள், புதிய மாருதிக்கு மாலையிட்டுக் குடும்பத்தார் நிற்கும் படம் திரையில் விரிந்தது. நம் ஆல்பத்தில் அப்படத்தின் வலப்புறம் கத்தரிக்கப்பட்டிருக்கும். நெகடிவிலோ அப்பகுதி முழுமையாக இருந்தது. ஓட்டுநர் கதவருகே, சாவியைக் கையில் ஏந்தி, முகமலர்ச்சியுடன் நின்றவர் நம் பெரியப்பா.

தாயாரை வினவினோம். நெடுநேரம் திரையையே நோக்கியிருந்தவர், காரின் விலையில் பாதி பெரியப்பா கொடுத்தது என்றும், அது திருப்பித் தரப்படவே இல்லை என்றும் கூறினார். ஊர் வீட்டைப் பங்கிட்டதில் அவர் கூடுதலாக எடுத்துக்கொண்டார். எனவே கணக்குத் தீர்ந்தது என்பது தந்தையாரின் கட்சி. படத்தைக் கத்தரித்ததும் அவரே. 'நம் கார்' என்று இருபத்தைந்து ஆண்டு உரிமை பேசிய நாம் அன்று நாணினோம்.

சட்டத்தைக் கேட்டால் விடை எளிது. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய கைமாற்றுக் கடனை வழக்கிட்டு மீட்க மூன்றே ஆண்டுகள். தாயாரின் மனப்புண்ணும் பொய்யன்று. அதனைக் கிளறாதிருத்தலும் மகன் கடமையே. இருவரும் மறைந்த பின் அப்பங்கீட்டின் நீதியை அளக்க நம்மிடம் அளவுகோலும் இல்லை. ஆயினும் பிந்திய பிணக்கு, முந்திய உதவியை இல்லையென ஆக்கிவிடுமா? 'செய்ந்நன்றி அறிதல்' என்றும் ஓர் அதிகாரம் வகுத்தவர் அதே வள்ளுவர். காரை விற்கலாம், உடைக்கலாம். அது நம் உரிமை. நிழற்படத்தில் நிற்பவன் தன் முகத்தை நமக்கு விற்றுவிடவில்லை. அதனை வைத்திருப்போர் அறங்காவலரே.

இவ்வாறு தெளிந்து, ஆல்பத்தில் உள்ள கத்தரித்த படத்தைத் தாயாரின் பொருட்டு அவ்வாறே விட்டுவைத்தோம். முழுப் படத்தை அச்சிட்டு, நாகபுரியில் வாழும் பெரியப்பாவின் மகனுக்கு, பாதி விலையைத் தர நாம் கடமைப்பட்டுள்ளோம் என்னும் கடிதத்தோடு அனுப்பினோம். பதினெட்டு ஆண்டுகளாகப் பேசாத அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. "சித்திக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?" என்றே கேட்டார். பொங்கலுக்கு வருவதாகவும் சொன்னார். அப்போது கடனைப் பற்றி நாமே பேசியாக வேண்டும்.

ஊரை விட்டு வந்து வாழும் நம் ஒவ்வோர் இல்லத்துப் பரணிலும் இத்தகைய டின் ஒன்று இருக்கக்கூடும். சாயம் வெளிறுமுன் அதனைத் திறந்து பாருங்கள். கத்தரிக்கோலின் கை படாதவை அங்கே இருக்கும்.