குற்றமற்றவன் கொடுக்கும் விலை

கோவலன் கொலையுண்டதில் பாண்டியன் செய்த பிழை யாது? அவன் இயல்பாற் கொடியவன் அல்லன், விசாரியாது தண்டித்தான். சான்றை ஆராயுமுன் தண்டனை விதித்தல் ஆகாது என்பதை அக்கதை நமக்கு உணர்த்துகின்றது. ஆனால், விசாரணையே வேண்டாம் என்று குற்றஞ்சாட்டப்பட்டவனே கையொப்பமிட்டுக் கொடுத்தால், அத்தண்டனை நீதியாகிவிடுமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நீதிமன்றங்கள் இவ்வினாவை நம்முன் எழுப்புகின்றன.

அங்கு வழக்குத்தொடுநர் எதிரியோடு பேரம் பேசுகின்றார். குற்றத்தை ஏற்றால் தண்டனை குறையும். விசாரணை வேண்டும் என்றால் கூடும். மத்திய நீதிமன்றங்களின் குற்றத்தீர்ப்புகளில் நூற்றுக்கு 97உம், மாநில நீதிமன்றங்களில் 94உம் எதிரிகளின் ஒப்புதலால் வந்தவையே என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2012இல் எடுத்துக்காட்டியது. விசாரணை விதிவிலக்காகிவிட்டது.

பேரத்தின் தன்மையை ஒரு வழக்கிற் காணலாம். கென்டக்கி மாநிலத்தில் போல் ஹேய்ஸ் என்பவர்மீது 88 டொலர் 30 சதத்துக்கான பொய்க் காசோலை ஒன்றைக் கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. அதற்குரிய தண்டனை 2 முதல் 10 ஆண்டுச் சிறை. குற்றத்தை ஏற்றால் 5 ஆண்டுக்குச் சிபாரிசு செய்வதாகவும், ஏற்காவிடின் முற்குற்றங்களைக் காட்டி ஆயுள் தண்டனைக்குரிய சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுப்பதாகவும் வழக்குத்தொடுநர் வெளிப்படையாகவே கூறினார். ஹேய்ஸ் மறுத்தார், ஆயுள் தண்டனை பெற்றார். 1978இல் உயர் நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, இதிற் தவறில்லை என்றது. நாம் கேட்பது இதுவே: காசோலைக்கு 5 ஆண்டு போதுமெனின், எஞ்சிய ஆயுள் எதற்கு? விசாரணை கேட்டதற்கன்றோ?

ஹேய்ஸ் குற்றவாளியாகவே காணப்பட்டார். நிரபராதி ஏன் அஞ்சவேண்டும் என்பர் சிலர். நிரபராதியின் நிலையோ இன்னும் இடரானது. சாட்சி ஆளை மாறி அடையாளங் காட்டலாம். சட்டத்தரணிக்கு வழக்கைப் படிக்க நேரமில்லாதிருக்கலாம். பிணைப்பணம் இன்மையால் எதிரி மறியலிலேயே காத்திருக்கலாம். மேலும், சான்று நலிந்திருக்கும்போது தோல்விக்கு அஞ்சும் வழக்குத்தொடுநர் பெருஞ்சலுகை காட்ட முற்படுவார். ஆகவே, விடுதலைபெறும் தகுதி மிகுந்தவனிடமே மிகக் கவர்ச்சியான பேரம் வந்து நிற்கின்றது.

இது சுதந்திரமான தெரிவு என்று வாதிப்போர் உளர். பட்டினி பின்னின்று தள்ள, அற்பக் கூலிக்குக் கைநாட்டு வைத்த தொழிலாளியும் சுதந்திரமாகவே வைத்தான் என்று முதலாளிமார் சொல்லக் கேட்டவர்கள் நாம். வட கரோலைனாவில் ஹென்றி அல்போர்ட் என்பவர், தாம் கொலை செய்யவில்லை என்று சத்தியஞ் செய்தவாறே, மரண தண்டனைக்கு அஞ்சிக் குற்றத்தை ஏற்றார். சான்று அவருக்கு எதிராக வலுத்திருந்ததென்று கருதிய உயர் நீதிமன்றம் 1970இல் அவ்வேற்பு செல்லும் என்றது. அவர் குற்றவாளியாகவே இருந்திருக்கலாம். எனினும், 'செய்யவில்லை' என்ற வாயினின்றே ஒப்புதலைப் பெற்றுக்கொள்ள அன்று சட்டம் இசைந்தது.

சட்ட வரலாற்றாசிரியர் ஜோன் லாங்பைன் 1978இல் இம்முறையை இடைக்கால ஐரோப்பாவின் சித்திரவதையோடு ஒப்பிட்டார். அன்று முழுச்சான்று பெறுதல் அரிதானமையால் ஒப்புதலை வற்புறுத்திப் பெற்றனர். இன்று விசாரணை நெடியதானமையால் அவ்வாறே செய்கின்றனர். வேறுபாடு அளவிலேயன்றி வகையில் இல்லை என்பது அவர் துணிபு. பொலிஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாக அனுமதித்த 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை அறிந்த இலங்கையர்க்கு இவ்வொப்புமை விளங்காததன்று.

எல்லாரும் விசாரணை கேட்டால் நீதிமன்றங்கள் தாங்கா என்பது இறுதி வாதம். எவரும் பயன்படுத்தாத வரையிலேயே நிலைக்குமெனின் அஃது உரிமையன்று.

மனம் வருந்தி ஏற்பவனுக்குச் சிறு சலுகை காட்டுதலை நாம் மறுக்கவில்லை. ஆனால் அச்சலுகை, குற்றமற்றவன் துணிந்து மறுக்கக்கூடிய அளவினதாயிருத்தல் வேண்டும். மறுத்ததற்காகக் குற்றச்சாட்டைப் பெருக்குதல் கூடாது. ஒப்புதலை ஏற்குமுன் நீதிபதி சான்றை ஆராய்தல் வேண்டும். ஏழையென்ற காரணத்தால் எவரும் மறியலில் கிடத்தலாகாது. இவை இல்லாதவிடத்து நடப்பது விசாரியாத் தண்டனையே. தண்டிக்கப்பட்டவனின் கையொப்பம் அதனை நீதியாக்கிவிடாது.