யானை யாரிடம் கற்றது?

பகுத்தறிவாகிய ஆறாம் அறிவு மாந்தர்க்கே உரியது எனப் பலர் கூறக் கேட்கின்றோம். விலங்குகளுள் சிலவற்றிற்கும் அஃது உண்டென்னும் செய்தி தொல்காப்பிய மரபியலிலேயே உளது. அவ்வழக்கை ஈண்டுத் தீர்க்கப் புகுந்தோமில்லை. கற்கும் ஆற்றல் விலங்கிற்கு உண்டென்பதில் மட்டும் ஐயமில்லை. 1898-ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலறிஞர் தார்ன்டைக், பசித்த பூனையைத் தாழிட்ட பெட்டியுள் அடைத்து வெளியே உணவை வைத்தார். தற்செயலாய்த் தாழைத் திறந்த பூனை, மறுமுறைகளில் வரவர விரைவாய்த் திறந்தது. பயன் தந்த செய்கை நிலைபெறும் என்பது அவர் கண்ட முடிபு.

நம் மலைகளிலும் இதற்குச் சான்றுண்டு. போடிமெட்டிற்கும் மூணாற்றிற்கும் இடைப்பட்ட சின்னக்கானலில் திரிந்த ஆண்யானை ஒன்று, பன்னியாறு தோட்டத்து ரேஷன் கடையைப் பன்முறை இடித்து அரிசி தின்றது. அதனால் அரிக்கொம்பன் எனப் பெயர் பெற்றது. முட்டினால் விழும் சுவர். அதன்பின் மூட்டை மூட்டையாய் அரிசி. தார்ன்டைக்கின் பெட்டியை மாந்தரே கட்டிவைத்துவிட்டு, திறந்த யானையைத் திருடன் என்பது என்ன நீதி?

2023 ஏப்ரல் 29-இல் அதனைப் பிடித்தனர். உயர்நீதிமன்றம் முதலில் பாலக்காட்டுப் பறம்பிக்குளத்தைக் குறித்தது. முதலமடை மக்கள் எதிர்க்கவே பெரியாற்றுக் காட்டில் விட்டனர். மே 27-இல் அது கம்பம் நகரினுள் நின்றது! ஜூன் 5-இல் தமிழக வனத்துறையினர் மீண்டும் பிடித்து மேல்கோதையாற்றிற்குக் கொண்டு சென்றனர். இடத்தை மாற்றலாம், கற்றதை எங்ஙனம் மாற்றுவது?

அதனைப் பிடிக்கச் சென்ற கும்கிகளுள் விக்ரம் என்பது ஒன்று. அதுவும் வயநாட்டில் பயிரழித்ததென 2019-இல் பிடிக்கப்பட்ட காட்டானையே. இன்று அதனை அறிவுடைய யானை என்கின்றனர். அன்றும் இன்றும் அறிவு ஒன்றே, பயன்பெறுவோர் வேறு. நாம் ஆலையில் பணிசெய்த நாளில், பொறியின் பழுதை ஓசையாலேயே அறிந்தவனைக் கெட்டிக்காரன் என்றனர். அவனே கூலிக்கணக்கை வாசிக்கக் கற்று, குறைவேன் என்று வினவியபோது, சூழ்ச்சிக்காரன் என்றனர்.

விக்ரம் சென்று பிடித்த மற்றொன்று, பாலக்காட்டுத் தோணியில் திரிந்த பி.டி.7. 2023 சனவரி 22-இல் பிடித்தபின் ஆராய்ந்தோர் அதன் உடலில் துப்பாக்கி ரவைகளைக் கண்டனர். அதுவும் ஒரு பாடமன்றோ? நடத்திய ஆசிரியர் எவர்?

அன்பர்களே, யானைக்காக வழக்குரைப்பதனால் மாண்டவரை மறந்தோமல்லோம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், யானைகள் நடமாடும் சின்னக்கானல் நிலத்திலேயே 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலமளித்து அரசு குடியேற்றியது. யானை முட்டிய பெட்டிக்குள் ஏழையரை வைத்ததும் மாந்தரே. அங்கே மேல்தளத்தின்மீது குடில் கட்டி இரவில் உறங்கக் கற்றவர் உளர். வீட்டைக் கைவிட்டு அகன்றவர் பலர். யானையின் அறிவை வியந்து எழுதுவோர் இவர்கள் கற்றதை எழுதக் காண்பது அரிதாயிருக்கின்றது.