புழு செய்த குற்றம்

குற்றம் செய்தவனைத் தண்டிப்பதில் நமக்குச் சிரமம் இல்லை. குற்றம் செய்யப் போகிறவன் என்று நாம் நினைக்கிற ஒருவனைத் தண்டிக்கலாமா? கோர்ட்டில் இந்தக் கேள்வி எழுந்தால் வக்கீல்கள் அழகாகப் பதில் சொல்லிவிடுவார்கள். எனக்கு இது வந்தது ஒரு தென்னந்தோப்பில், கையில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தபோது. கேட்டது ஒரு பத்து வயதுப் பெண். அதனால் பதில் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை.

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி, விடிவதற்கு முன்பு, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிற்று. பேராவூரணிப் பக்கத்தில் என் தங்கையைக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு 240 தென்னை. பொழுது விடிந்து பார்த்தபோது நின்றவை 38. மற்ற மரத்தின் கன்றைக் கன்று என்கிற நாம் தென்னங்கன்றை மட்டும் தென்னம்பிள்ளை என்கிறோம். அன்று அந்த வட்டாரத்தில் அழுதவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் விளங்கியிருக்கும்.

2020 தை மாதத்தில் நான் அங்கே போனேன். மாப்பிள்ளை கடன் வாங்கிப் புதிதாக 150 பிள்ளை வைத்திருந்தார். விழுந்த மரங்களில் விற்றது போக மிச்சத்தை வேலியோரமாக உருட்டி விட்டிருந்தார். வெட்டி ஏற்றுகிற கூலிக்குக்கூட விலை கட்டவில்லையாம். பதினான்கு மாதமாக அவை மழையிலும் வெயிலிலும் கிடந்தன.

வாய்க்கால் ஓரத்துப் பிள்ளை ஒன்றின் மட்டையை மாப்பிள்ளை விரித்துக் காட்டினார். இரண்டு பக்கத்து ஓலையும் கத்தரிக்கோலால் சரிவாக நறுக்கினாற்போல் இருந்தது.

“பாத்தீங்களா மச்சான்? புயலுக்குத் தப்பினதும் போச்சு, புதுசா வச்சதும் போகுது. எல்லாம் கொம்பு வண்டு பண்ற வேலை.”

காண்டாமிருக வண்டு என்று புத்தகங்களில் சொல்வது இதைத்தான். நெற்றியில் ஒரு கொம்பு; கட்டை விரல் பருமனில், பளபளவென்று கறுப்பு. இரவில் பறந்து வந்து, மட்டையின் இடுக்கில் நுழைந்து, இன்னும் விரியாத குருத்தைக் குடைந்து சாற்றைக் குடிக்கும். குருத்துக்குள் ஓலைகள் விசிறிபோல் மடிந்திருப்பதால், ஒரு துளை போட்டால் போதும். விரியும்போது வரிசையாக வெட்டுத் தெரியும். இளம்பிள்ளையில் நடு வளர்முனை வரை போய்விட்டால் மரம் செத்துப் போகும். பெரிய மரம் பிழைத்துக்கொண்டாலும், அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும். அது இன்னும் பொல்லாதது. ஆனால் கொம்பு வண்டு தென்னை உச்சியில் குடும்பம் நடத்துவதில்லை. முட்டையிடுவது எருக்குழியிலும், மட்கின மரத்திலும். வண்டைத் தேடுகிறவன் அண்ணாந்து பார்த்தால் மட்டும் போதாது. குனிந்தும் பார்க்க வேண்டும்.

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கடப்பாரையால் ஒரு மரத்தை நெம்பினார். ஈரப் பிட்டு உதிர்வதுபோல் அது உதிர்ந்தது. உள்ளே காப்பித்தூள் நிறத்தில் தூள்; முதல் மழை விழுந்த எருக்குழியின் மணம். மரவட்டைகள் சுருண்டன. ஒரு பூரான் ஓடி மறைந்தது. கறையான்கள் கூட்டம் கலைந்து திகைத்தன. இவற்றுக்கு நடுவே, தூளில் தனித்தனியாகக் குழி பறித்துக்கொண்டு, பிறைபோல் வளைந்து கிடந்தன அந்தப் புழுக்கள். விரல் பருமன். வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, தலையை ஒட்டி மூன்று ஜோடிக் கால்கள், வயிற்றுக்குள்ளிருக்கும் இரை தோல் வழியாகச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

“இதுதான் ஐயா அந்த வண்டோட குஞ்சு” என்றார் பெரியவர்.

அந்த ஒரே மரத்தில் அறுபதுக்கு மேல் இருந்தன. மண்வெட்டியின் பின்புறத்தால் நசுக்கினோம். நானும் நசுக்கினேன். உண்மையைச் சொல்வதென்றால், கொஞ்சம் உற்சாகமாகவே நசுக்கினேன். புயலை யார் என்ன செய்துவிட முடியும்? அது வந்து, போய், பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதன்மேல் காட்ட முடியாத கோபத்துக்குக் கைக்கெட்டின தூரத்தில், ஓட முடியாமல் ஒரு புழு அகப்பட்டது.

மருமகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, இதெல்லாம் நம்ம தென்னையைக் கடிச்சுதா?”

“இது கடிக்கலைம்மா. பெரிசாகி வண்டான அப்புறம் கடிக்கும்.”

“அப்ப, இன்னும் ஒண்ணுமே பண்ணலையா?”

நான் பேசவில்லை. அவள் ஒரு புழுவை மரத்தூளோடு அள்ளி, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ராத்திரி, அந்தப் பாட்டிலை எப்படியாவது அவளிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று தோன்றிற்று. பூச்சியியல் படித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருக்கு டெலிபோன் செய்தேன். அவர் சொன்னால் குழந்தை நம்புவாள் என்பது என் எண்ணம். அவரோ, “புழுவைத் தரையில் விட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

விஷயம் இதுதான். மட்கின மரத்தில் கிடக்கிற வெள்ளைப் புழுவெல்லாம் கொம்பு வண்டின் புழு அல்ல. பூவண்டு என்று ஒரு ஜாதி உண்டு. பூவின் மகரந்தத்தையும் பழுத்த பழத்தின் சாற்றையும் தேடுகிறவை. தென்னங்குருத்தைத் துளைக்கத் தெரியாதவை. அவற்றின் புழுவும் இதே மட்கில், இதே வெண்மையில், இதே பிறை வளைவில் கிடக்கும். அவசரக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் சமதரையில் விட்டால் பூவண்டின் புழு புரண்டு, கால்களை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு, முதுகாலேயே ஊர்ந்து போகும். கொம்பு வண்டின் புழு அப்படிப் போகாது. பக்கவாட்டில் நெளிந்து கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேண்டாம், பட்டம் வேண்டாம், ஒரு நிமிஷப் பொறுமை வேண்டும். அவ்வளவுதான்.

திண்ணைச் சிமெண்டில் பாட்டிலைக் கவிழ்த்தோம். புழு கொஞ்சம் நெளிந்தது. பிறகு புரண்டது. ஆறு கால்களும் அந்தரத்தில் நிற்க, கவிழ்த்துப் போட்ட படகுபோல், முதுகால் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. மருமகள் கை தட்டினாள். எனக்குக் கை எழவில்லை.

மறுநாள் காலையில் அடுத்த மரத்தைப் பிளந்து, எடுத்த புழுவையெல்லாம் ஒரு தகரத்தின்மேல் விட்டுப் பார்த்தோம். 20 புழுவில் மூன்று மல்லாந்து போயின. அப்படியானால் முந்தின நாள் நசுக்கிய குவியலில் எத்தனை? போய்ப் பார்த்தேன். எறும்பு மொய்த்திருந்தது. இனி எண்ண முடியாது.

வள்ளுவர் கொல்லாமையைத் துறவியின் அறமாக வைத்துப் பாடினார். அரசனைப் பற்றிச் சொல்ல வந்தபோதோ, கொடியவரைக் கொலையால் ஒறுப்பதைப் பயிருக்குக் களை எடுப்பதோடு ஒப்பிட்டார். இதை வைத்துக்கொண்டு தண்டனைக்கு வாதாடுகிறவர்கள் பலர். அவர்கள் வயலில் இறங்கிக் களை எடுத்தவர்கள்தானா என்பது என் சந்தேகம். இளநாற்றுக்கு நடுவே நெல்லைப் போலவே ஒரு புல் முளைக்கும். களை பறிக்கிற பெண்கள் அதன் தாளை விரலால் தடவி, கணுவைப் பார்த்து, பிறகுதான் பிடுங்குவார்கள். களை எடுப்பதில் பாதி வேலை கைக்கு. மீதிப் பாதி கண்ணுக்கு. அந்தக் கண் இல்லாதவன் செய்வது களையெடுப்பு அல்ல, வெறும் அழிப்பு. நான் முதல் நாள் செய்தது அதுதான்.

சரி, மூன்று புழுவை விட்டுவிட்டோம். மீதி 17? அவை கொம்பு வண்டின் புழுக்களே, சந்தேகம் இல்லை. ஆனால் குழந்தையின் கேள்வி அவற்றுக்கும் பொருந்துமே! அவையும் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்பதுகூடச் சரியல்ல. மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை செத்த மரத்தைத் தின்று மண்ணாக்கிக்கொண்டிருக்கின்றன. மாப்பிள்ளை கூலி கொடுத்துச் செய்ய முடியாத வேலையைச் சும்மா செய்கின்றன. ஒரே பிறவியில் பாதி நாள் தோட்டி, பாதி நாள் திருடன். எந்தப் பாதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது?

நண்பர் அன்று இன்னொரு கதையும் சொன்னார். இந்த வண்டு பசிபிக் தீவுகளில் இருந்ததில்லை. 1909-ல் இலங்கையிலிருந்து சமோவாவுக்கு ரப்பர் கன்றுகள் போயின. அந்தக் கன்றுகளோடு இதுவும் போய்ச் சேர்ந்தது. இங்கே இதற்கு எத்தனையோ சத்துரு. அங்கே யாரும் இல்லை. தென்னையே ஜீவனமாக இருந்த தீவுகள் தவித்துப் போயின. 1963-ல் ஹூகர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி மலேயாவில் இந்தப் புழுவுக்கு வருகிற ஒரு வைரஸ் நோயைக் கண்டுபிடித்தார். 1967-ல் அதைச் சமோவாவில் பரப்பியபிறகே தொல்லை தணிந்தது. வண்டின் சுபாவம் இலங்கையிலும் சமோவாவிலும் ஒன்றுதான். குற்றமாக அது பெருத்தது, மனிதன் அதைக் கப்பலேற்றியதால்.

பேராவூரணித் தோப்பிலும் அதே கதை. வேலியோரத்தில் மரங்களை உருட்டி விட்டது யார்? புயல் தள்ளியது உண்மை. பதினான்கு மாதம் கிடக்க விட்டது புயல் அல்ல. மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் காசில்லாதவன் எதை முதலில் செய்வான்? பிள்ளை வைப்பானா, செத்த மரத்துக்குக் கூலி கொடுப்பானா? ஆனாலும் அந்தப் புழு அங்கே பிறக்கத் தொட்டில் கட்டியவர்கள் நாம். அந்தத் தொட்டிலை அப்படியே வைத்துக்கொண்டு குழந்தையை மட்டும் தண்டிப்பது என்ன நியாயம்?

அந்த 17 புழுவையும் கொன்றோம். இதை மறைத்து, என்னைக் கருணாமூர்த்தியாகக் காட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. 150 பிள்ளையின் கடனும், என் தங்கை வீட்டு அடுப்பும் ஒரு தட்டில் இருந்தன. புழுவுக்குப் பச்சைப் பூஞ்சணம் வரவழைக்கிற மருந்து ஒன்றை எருக்குழிக்குத் தெளிக்கலாம் என்றார் நண்பர், அதையும் செய்தார்கள். நாமே நசுக்குவதைவிட அது மனசுக்குச் சுலபம். கையில் ஈரம் படாத கொலையும் கொலைதான் என்பதை மட்டும் மறக்காமலிருந்தால் சரி. மறுவாரமே ஒரு நகையை அடகு வைத்து ஆள் விட்டு, வேலியோரத்து மரங்களைத் துண்டு போட்டு அப்புறப்படுத்தினார் மாப்பிள்ளை. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.

கொல்லாமல் வாழ முடியுமா என்று என்னைக் கேட்டால், தோப்பு வைத்தவனால் முடியாது என்பேன். தேங்காய்ச் சட்னி தின்கிற நமக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அறியாமல் கொல்வதற்கும் அறிந்து கொல்வதற்கும் இடையே ஒரு வித்தியாசம் இருக்கிறது. அறிந்தவன் கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தில் 20-ல் மூன்று பிழைக்கும். மூன்று என்ன பிரமாதம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த மூன்றுக்கு அதுதான் முழு உலகம்.

அந்த வருஷம் சித்திரையில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தது. எதிரே வருகிற மனிதன் நோயைக் கொண்டுவருகிறானோ என்று மனிதன் அஞ்சிய நாட்கள் அவை. ஒரு மாலை டெலிபோன் மணி அடித்தது. மருமகள்.

“மாமா, பாட்டில்ல இருந்த புழு வண்டாயிடுச்சு. கொம்பே இல்லை.”

“என்னம்மா பண்ணினே?”

“செம்பருத்திச் செடியில விட்டுட்டேன். கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்துச்சு. அப்புறம் பறந்துடுச்சு.”

சந்தோஷம் என்று சொன்னேன். சந்தோஷம்தான். ஆனால் டெலிபோனை வைத்த பிறகு வெகுநேரம் எறும்பு மொய்த்த அந்தக் குவியல்தான் என் கண்ணில் நின்றது.