வழி சொல்பவளின் பொறுப்பு

குறைந்த செலவில் ஊர் சுற்றுவது எப்படி என்று ஆண்களிடம் கேட்டால் ஒரு பட்டியல் வரும். இரவு ரயிலில் ஏறிவிடு, அறை வாடகை மிச்சம். விடியும்வரை பேருந்து நிலைய பெஞ்சில் படு. கோயில் மண்டபத்தில் துண்டை விரி. குளிக்க ஆறு இருக்கிறது, மற்றதற்கு மறைவிடம் இருக்கிறது. கடைசிப் பேருந்து போய்விட்டால் லாரிக்குக் கை காட்டு. இதில் எதுவும் பொய்யில்லை. சொல்பவர்களும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பட்டியலில் இலவசம் என்று இருப்பதெல்லாம் ஆணுடலுக்கு மட்டும்தான் இலவசம். அதே பெஞ்சுக்குப் பெண் கொடுக்கும் விலை வேறு. அதைத் தவிர்க்க அவள் அறை எடுக்க வேண்டும், நடக்கக்கூடிய தூரத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும், கழிப்பறை எங்கே என்று தெரியாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். பெண்ணின் பயணக் கணக்கில் ஒரு பகுதி ரூபாயில் எழுதப்படுகிறது. மறுபகுதி உடம்பில் எழுதப்படுகிறது.

அதனால்தான் பெண்கள் வழியை வேறொரு பெண்ணிடம் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்படுபவள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு ஓர் அறக் கேள்வியாகவே படுகிறது.

நான் தமிழ் கற்பிக்கும் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவிகள் நான்கு பேர், பாடத்தில் படித்த பூம்புகாரை நேரில் பார்க்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறைக்கு ரயில், அங்கிருந்து பூம்புகாருக்குப் பேருந்து, பிறகு கடலோரமாகத் தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, திருவாரூர் வழியாக மறுபடி ரயிலில் தஞ்சாவூர். இரண்டு பகல், ஓர் இரவு. ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குமேல் போகக் கூடாது. ஒரு நோட்டு போட்டு, போய்வந்தவர்களிடமெல்லாம் கேட்டு எழுதினார்கள். சீனியர் மாணவிகள் சொன்னார்கள். நாகப்பட்டினத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் சொன்னாள். வருடந்தோறும் செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவிப் புடவை கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் எங்கள் கல்லூரித் துப்புரவுப் பணியாளர் அக்கா எல்லோரையும்விட அதிகம் சொன்னார்.

அந்த நோட்டை நான் வாங்கிப் படித்தேன். எந்தப் பேருந்து நிலையக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறது. சில்லறை ஐந்து ரூபாயாகக் கையில் வைத்துக்கொள். பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கைக்குப் போ. விடுதியில் அறை கேட்கும்போது எத்தனை பேர், எல்லோரும் பெண்கள் என்று போனிலேயே சொல்லிவிடு, நேரில் போய் நின்றபின் இல்லை என்பார்கள். வேளாங்கண்ணியில் திருத்தலமே நடத்தும் விடுதிகளை முதலில் கேள். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு போட்டுக்கொண்டால் தொந்தரவு குறையும்.

கடைசி வரியைப் படித்தபோது மணிமேகலை நினைவுக்கு வந்தாள். அவளும் புகாரிலிருந்து புறப்பட்டவள்தான். மணிபல்லவத்தில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் தருகிறது: வேற்றுருவம் கொள்ள ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசி போக்க ஒன்று. சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறிய அவள் வஞ்சிக்குப் போனபோது, இளம்பெண்ணாக நின்றால் சொல்ல மாட்டார்கள் என்பதால் ஆண் தவசியின் உருவத்தில்தான் போனாள். தனியாகப் பயணிக்கும் பெண்ணுக்கு வாகனமும் உணவும் போதாது, ஒரு மாறுவேடமும் தேவை என்று அந்தத் தெய்வத்துக்குத் தெரிந்திருக்கிறது. மஞ்சள் கயிறு நம் காலத்து மந்திரம்.

போய்வந்தவர் போகிறவருக்கு வழி சொல்வது தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே இருக்கிறது. ஆற்றுப்படை என்ற சொல்லுக்கே வழிப்படுத்துதல் என்றுதான் பொருள். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வறுமையோடு வரும் கலைஞரை நிறுத்தி, இப்படிப் போ, இன்னாரைப் பார் என்கிறார். மலைபடுகடாம் இதில் மிக நுணுக்கமானது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், வழுக்கும் இடம் எது, பாம்பு எங்கே கிடக்கும், தினைப்புனம் காப்பவர் வீசும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, எந்த ஊரில் யார் என்ன சோறு போடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. தான் பெற்ற நன்மையைத் தனக்குள் பூட்டி வைக்காமல் அடுத்தவருக்குக் கைமாற்றுவது கடமை என்ற அறம் இதில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கூட்டத்தில் விறலியரும் நடக்கிறார்கள். பொருநராற்றுப்படையும் சிறுபாணாற்றுப்படையும் விறலியின் அழகை உச்சியிலிருந்து பாதம்வரை வருணிக்கின்றன. நடந்து நொந்த பாதத்துக்கும் உவமை உண்டு. அந்தப் பாதத்துக்குச் சொந்தக்காரியிடம் வழி எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. இன்னொரு விறலிக்கு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் பாட்டில் இல்லை. புறநானூற்றில் ஔவையார் பாடிய விறலியாற்றுப்படை ஒன்று (103) இந்த இடைவெளியில் தனித்துத் தெரிகிறது. வாத்தியங்களைச் சுமந்துவந்து, கவிழ்ந்த உண்கலத்தை நிமிர்த்துபவர் யாரோ என்று சுரத்தில் உட்கார்ந்திருக்கும் விறலியிடம், அதியமான் இருக்கும் இடம் தூரமில்லை என்கிறார் ஔவை. களைத்தவளுக்கு முதலில் தேவைப்படும் தகவல் அதுதான்.

ஒரு பெண் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து நடந்துகொண்டே வழி சொல்லும் இடம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. நாடுகாண் காதை. இடம் நம் காவிரிக்கரை. விடியுமுன் புகாரைவிட்டு வெளியேறிய கண்ணகி, கொஞ்ச தூரத்திலேயே இளைத்துப்போய், மதுரை எது என்று கேட்கிறாள். கோவலன் சிரித்துக்கொண்டே முப்பது காதந்தான், கிட்டத்தில்தான் என்கிறான். மனைவியின் மனம் தளரக் கூடாதே என்று சொன்ன சொல் அது. இருந்தாலும், நடக்கப்போகிறவளுக்குத் தூரத்தை மறைக்கும் சொல்லும் அதுதான்.

அடுத்து வருபவர் சமணத் துறவி கவுந்தியடிகள். இந்தப் பெண்ணின் பாதம் இந்த வழியைத் தாங்காது, நில்லுங்கள் என்றாலும் நிற்க மாட்டீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, நானும் மதுரைக்கு வருகிறேன் என்று சேர்ந்துகொள்கிறார். பிறகு இரண்டு வழிகளை எடுத்துவைக்கிறார். சோலை வழியே போனால் கிழங்கு தோண்டிய குழிகள் பூச்சருகு மூடிக் கிடக்கும், கால் இறங்கிவிடும். பலாக்கொட்டை பரல்போல் உறுத்தும். வயல் வழியே போனால் நீர்நாய் மீனைத் துரத்த, விலாங்கு துள்ள, இவள் மிரண்டுவிடுவாள். இதோடு அவர் நிறுத்தவில்லை. களை பறித்துப் போட்ட பூக்களில் வண்டு இருக்கும், தெரியாமல் மிதித்துவிடுவோம். வாய்க்காலில் நண்டும் நத்தையும் நம் காலடியில் நசுங்கும். இந்த இரண்டைத் தவிர வேறு வழியில்லை, பார்த்து நடங்கள் என்கிறார்.

வழி சொல்லும் அறம் முழுவதும் இந்தப் பகுதிக்குள் இருப்பதாக நினைக்கிறேன். தூரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆபத்தைப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். பயணத்தால் நமக்கு என்ன ஆகும் என்பதோடு, நம்மால் மற்றவற்றுக்கு என்ன ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்கிறார். எல்லாம் சொன்னபிறகும் பாதையை மூடவில்லை. கூடவே நடக்கிறார். மதுரை சேர்ந்ததும் கண்ணகியை ஆயர்குலப் பெண் மாதரியிடம் அடைக்கலம் தருகிறார்.

நம்மில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. மாணவிகள் என்னிடம் வந்து, "மேடம், போலாமா?" என்று கேட்டபோது பக்கத்தில் இருந்த தோழியான ஆசிரியை, "எதுக்கும்மா வம்பு? கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரரோட போங்க" என்றார். அன்பானவர். அந்தப் பெண்களுக்கு எதுவும் நேர்ந்துவிடக் கூடாது என்ற பதற்றம் அவர் குரலில் இருந்தது. அந்தப் பதற்றத்துக்கு அடியில் இன்னொரு பயமும் இருந்தது. ஏதாவது நடந்துவிட்டால், "போகச் சொன்னது யார்?" என்ற கேள்வி வரும். தொந்தரவு செய்தவனைத் தேடுவதற்குமுன் அனுமதித்தவளைத் தேடுவார்கள். அம்மா, அக்கா, டீச்சர், விடுதிக் காப்பாளர் என்று எல்லோரும் இந்த விசாரணையை எதிர்பார்த்தே வாழ்கிறோம். ஆகவே "போகாதே" என்பது நமக்குப் பாதுகாப்பான பதில். அதைச் சொல்பவளுக்குச் செலவே இல்லை. முழுச் செலவும் கேட்டவளுடையது. அவள் பார்க்காத கடல் எந்தக் கணக்கிலும் இழப்பாக எழுதப்படுவதில்லை.

இளங்கோவடிகளின் காப்பியம் இந்தப் பயத்தின் எல்லையையும் காட்டுகிறது. மதுரையில் நடந்ததைக் கேள்விப்பட்டதும் மாதரி தீயில் விழுந்து சாகிறாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். விசாரிக்காமல் கொன்றது அரசு. பொய் சொன்னது பொற்கொல்லன். அடைக்கலம் கொடுத்தவர்களும் வழித்துணையாக வந்தவர்களும் உயிர் விடுகிறார்கள். எத்தனையோ ஆண்டுகள் இதைப் பாடமாக நடத்திய பிறகு, கவுந்தியின் வழிநடையை மாதிரியாகக் கொள்ளலாம், அவரது முடிவைக் கொள்ளக் கூடாது என்று மாணவிகளிடம் சொல்கிறேன். வழி சொல்பவள் தான் சொல்வது உண்மையாக இருப்பதற்குப் பொறுப்பு. தனக்குத் தெரிந்த குழியை மறைக்காமல் இருப்பதற்குப் பொறுப்பு. வழியில் ஒருவன் செய்யும் குற்றத்துக்கு அவன் மட்டுமே பொறுப்பு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகாதவரை நம்மால் ஒருவருக்கும் "போய் வா" என்று சொல்ல முடியாது.

அதேபோல் கவுந்தியின் நண்டையும் நத்தையையும் விட்டுவிட முடியாது. மலிவு என்பது சிலசமயம் வேறொருத்தியின் கூலியிலிருந்து வெட்டியெடுத்த துண்டு. பூம்புகார் கடற்கரையில் கிளிஞ்சல் மாலை விற்கும் பெண்ணிடம் பத்து ரூபாயை ஐந்தாக்கியதைச் சிலர் சாமர்த்தியமாகச் சொன்னார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் செலவே இல்லை என்றார்கள். நான்கு பேருக்கு அந்த வீட்டில் தோசை சுட்டு அடுக்குபவள் யார் என்று நோட்டில் இல்லை. கழிப்பறைக்கு ஐந்து ரூபாயா என்று சண்டை போடுபவர்கள் அதை யார் கழுவுகிறார்கள் என்று பார்ப்பதில்லை. எங்கள் துப்புரவு அக்கா அந்த இடத்தில் சொன்னது: "குடுத்துட்டுப் போங்க பாப்பா. அந்தக் காசுக்குத்தான் அவ அங்க உக்காந்திருக்கா."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆலோசனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டிய ஒன்றுக்குப் பதிலாக நிற்கிறது. எல்லாக் கழிப்பறையிலும் தாழ்ப்பாள் இருந்தால் அந்த வரி நோட்டில் தேவையில்லை. 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது நாற்று நடப் போகிறவளும் வீட்டுவேலைக்குப் போகிறவளும் யாரிடமும் பத்து ரூபாய் கேட்காமல் ஏறினார்கள். "ஓசி பஸ்" என்ற ஏளனம் வந்தது. வரட்டும். அதற்குப்பிறகு டெல்டா கிராமத்துப் பெண்களிடம் ஒரு புதிய அறிவு பரவியது: எந்த நகரப் பேருந்து எதுவரை போகும், அங்கே இறங்கினால் அடுத்தது எப்போது வரும், இரண்டு மூன்று வண்டி மாறி எங்கே போய்ச் சேரலாம். வெளியூர்ப் பேருந்துக்குச் சலுகை இல்லாததால் அவர்களே துண்டு துண்டாக ஒட்டுப்போட்டுத் தைத்த வழி அது. பொதுவசதி ஒன்று வந்தால் பெண்களின் வழியறிவு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. தஞ்சை மராட்டிய அரசர்கள் இராமேசுவரம் போகும் வழியில் சத்திரங்கள் கட்டினார்கள். அவற்றில் பல பெண்கள் பெயரில் இருந்தன. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி தன் துணைவி முக்தாம்பாள் நினைவாக எழுப்பிய சத்திரமும், நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமும் அப்படிப்பட்டவை. 1801இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களின் நடைமுறையை விவரிக்கிறார்: எல்லாச் சாதியாருக்கும் உணவு, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று நள்ளிரவில் மணி அடித்து அழைப்பது, நோயாளிக்கு வைத்தியம், வழியில் பேறுகாலம் வந்த பெண்ணுக்கு மருந்தும் பராமரிப்பும், பிள்ளை பெற்றபின் சில காலம் தங்கவும் இடம். சமைத்த சோறு ஏற்காதவர்களுக்குப் படியரிசி என்பதிலேயே சாதி அங்கும் உட்கார்ந்திருந்தது தெரிகிறது. ஆனாலும் வழியில் ஒரு பெண்ணுக்கு வலி எடுக்கலாம் என்பதை நினைத்துப் பார்த்த பயண ஏற்பாடு அது. இன்றைய பேருந்து நிலையங்களைத் திட்டமிடுகிறவர்கள் அந்த அளவுக்காவது யோசிக்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

அதுவரை நாம்தான் ஒருவருக்கொருவர் சத்திரம். மாணவிகளுக்கு நான் சொன்ன பதில் நீளமானது. தரங்கம்பாடியில் வெயில் சாயும்வரை கோட்டைக்கு வெளியே சுற்றலாம், இருட்டுவதற்குள் தங்கும் ஊரை அடைந்துவிடுங்கள், அது உங்கள் ஒழுக்கத்துக்காக இல்லை, கடைசிப் பேருந்துக்காக. மஞ்சள் கயிறு போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். போடாததால் எதுவும் நடந்தால் அது கயிற்றின் குற்றமாகாது. தண்ணீர் குடியுங்கள். பேரம் பேசாதீர்கள். என் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பேன். திரும்பி வந்ததும் நோட்டில் தவறாக இருப்பதைத் திருத்துங்கள், அடுத்தவள் அதை நம்பித்தான் புறப்படுவாள். இதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அவர்கள் கேட்ட ஒற்றைக் கேள்விக்கு வந்தேன்: போகலாம்.